புளியடி ஊஞ்சலும் இரண்டு பாட்டும்

போன கிழமை நம்முடைய பள்ளிக்கூடத்துக் கைபேசிக் குழுவில் நடந்த சண்டையை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஊஞ்சல் என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று யாரோ பொழுது போகாமல் கேட்டுவைத்தார். தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்ற நம்முடைய வாத்தியார் நண்பர், பழைய நூல்களில் அது ஊசல் என்றுதான் இருக்கிறது, நடுவில் ஒரு மூக்கொலி வந்து குந்திக்கொண்டதால் ஊஞ்சல் ஆகிவிட்டது என்றார். தபால் கந்தோரில் வேலை பார்த்தவர் விடவில்லை. உந்து என்பதுதான் வேர், உந்தினால்தானே அது போகும் என்று நின்றார். கனடாவில் இருக்கும் நம்முடைய தோழி இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு ரோசாப்பூப் படம் அனுப்பினாள். கடைசியில் வாத்தியார் நண்பர் ஏதோ அகராதியைப் புரட்டி, போன இடத்திலிருந்து திரும்பி வரும் அசைவு என்று பொருள் எழுதி முடித்துவைத்தார்.

நான் வாய் திறக்கவில்லை. இந்த வயதில் மூக்கொலிக்காகச் சண்டை பிடிக்க எனக்குத் தெம்பில்லை. ஆனால் மூன்று நாளாக அந்தச் சொல் என்னை விடுவதாயில்லை. எங்கள் கரையில் ஊஞ்சலுக்கு வேறொரு வேலை இருந்தது. அது எந்த அகராதியிலும் இருக்காது. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். பொறுமை இல்லாதவர்கள் ரோசாப்பூவைப் பார்த்துக்கொண்டிருங்கள்.

முல்லைத்தீவுக் கரையில் நாங்கள் கத்தோலிக்கர். ஊஞ்சல் எங்களுக்கு நினைத்த நேரம் கட்டுகிற சாமான் அல்ல. விபூதிப் புதனன்று தபசுகாலம் தொடங்கினால் ஆட்டம் எல்லாம் நின்றுவிடும். பெரிய வெள்ளியன்று கைக்குழந்தையின் ஏணையைக்கூட ஆட்டமாட்டார்கள். சேலையில் கட்டிய ஏணை சும்மா தொங்கிக்கொண்டிருக்க, அம்மாமார் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டு வளவைச் சுற்றிச் சுற்றி நடப்பார்கள். உயிர்த்த ஞாயிறு மணி அடித்த பிறகுதான் குழந்தைக்கு ஏணை, எங்களுக்கு ஊஞ்சல். அந்த மணிக்காக நாற்பது நாளும் காத்திருந்த எங்களுக்கு, ஆண்டவர் உயிர்த்ததே ஊஞ்சல் கட்டுவதற்குத்தான் என்று ஒரு எண்ணம்.

கயிறு சம்மாட்டியாருடையது. கரைவலையும் தோணியும் வலைகாரர் தங்கும் வாடியும் அவருக்குச் சொந்தம். எங்கள் ஐயா அவரிடம் மண்டாடி. அப்பாவை நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். மண்டாடி என்றால் கரையில் நின்று கடலைப் பார்த்து, மீன் கூட்டம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று கண்டு, துண்டை உயர்த்தித் தோணிக்காரருக்குக் காட்டுகிறவர். அவர் துண்டு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம்தான் வலை வளைப்பார்கள். வருஷம்தோறும் உயிர்த்த ஞாயிறு வரும் பாஸ்குக் கிழமையில் சம்மாட்டியார் எங்கள் வளவுக்குப் புதுத் தும்புக் கயிறு கொடுத்தனுப்புவார். அவருடைய தாராள மனது என்று நான் நினைத்திருந்தேன். புதுக் கயிற்றில் முறுக்கு அதிகம், சில கிழமை ஊஞ்சலில் கிடந்து இழுபட்டால்தான் வலைக்குப் பதமாகும் என்று ஐயா ஒருநாள் சொன்னார். எங்களுடைய ஆட்டத்தையும் அந்த மனுஷன் வேலையாக்கி வைத்திருந்தார்.

அந்தக் கயிற்றின் மணம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஊறப்போட்ட தேங்காய் மட்டையின் புளித்த மணம். கை முழுக்கத் தும்பு குத்தும். பலகை ஒரு பழைய தோணியிலிருந்து கழற்றியது. ஒரு பக்கத்தில் மட்டும் நீலச்சாயம் பாதி உரிந்து கிடக்கும். வெயிலில் அந்த நீலப் பக்கம் மற்றப் பக்கத்தைவிடச் சுடும். இவற்றைக் கடல் மேட்டில் நின்ற எங்கள் புளியமரத்தின் கிழக்குக் கொப்பில் கட்டுவார்கள். மரத்துக்கும் கடலுக்கும் இடையில் பனைவடலியும் தாழம்பற்றையும் மறைத்து நிற்கும். நிலத்தில் நின்றால் அலைச்சத்தம் மட்டும் கேட்கும். ஊஞ்சல் உயரப் போனால் கடல் தெரியும்.

ஊஞ்சல் இரண்டு வகையாகப் போகும். பின்னால் நின்று ஒருவர் தள்ளிவிட வேண்டும், அல்லது பலகையில் ஏறி நின்று, முழங்காலை மடக்கி எழும்பி உன்ன வேண்டும். தள்ளிவிட ஆள் தேடுவது குழந்தைகள். அக்கா உன்னுவாள். எனக்கு எட்டு வயது, அக்காவுக்குப் பதினெட்டு. என்னைப் பலகையில் இருத்தி, என் இரண்டு பக்கமும் கால் வைத்து நின்று அவள் உன்னத் தொடங்கினால் கொப்பு முனகும். என் முகத்துக்கு முன்னால் அவளுடைய சீத்தைப் பாவாடை காற்றில் அடிக்கும். உச்சிக்குப் போனதும் ஒரு கணம் ஊஞ்சல் அசையாமல் நிற்குமே, அந்தக் கணத்தில் அக்கா மூச்சு விடமாட்டாள். அது என் தலைக்கு மேலே எனக்குத் தெரியும். பிறகு கீழே வரும்போது பாடுவாள்.

பெரியபிள்ளையான நாள் முதல் அக்காவுக்கு வாசல் படலைக்கு அப்பால் உலகமில்லை. ஆம்பிளைகள் வலை இழுக்கும் நேரம் கரைக்குப் போகக்கூடாது. மரமேறக்கூடாது. ஊஞ்சல் மட்டும்தான் அவளுக்கு விட்டுவைத்த உயரம். எனக்கோ ஒரு தடையும் இல்லை. நான் அந்தப் புளியில் பாதி நாள் குடியிருந்தேன். அணிலுக்குப் பிறக்க வேண்டியது என்று ஐயாவின் தங்கை, எங்கள் மாமி, என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஏசுவா.

அந்த வருஷம் அக்கா வழக்கத்துக்கு மாறாகக் காலையில் ஊஞ்சல் ஆடினாள். மற்றப் பெண்கள் வேலை முடித்து வெயில் சரிந்த பிறகு ஆடுவார்கள். இவள் தேத்தண்ணி வைத்து முடித்ததும், முற்றம் கூட்டாமல்கூட ஓடிவந்து, என்னையும் நித்திரைக் கலக்கத்தோடு இழுத்துப் பலகையில் இருத்திவிடுவாள். இரண்டே இரண்டு ஊஞ்சற்பாட்டுத்தான். ஒன்று மடு மாதாவுக்கு, மற்றது அந்தோனியாருக்கு. சிலநாள் முதலாவது, சிலநாள் இரண்டாவது. சிலநாள் எவ்வளவு உயரம் போனாலும் வாயே திறக்கமாட்டாள். நான் பாடச் சொல்லி அவளுடைய காலைக் கிள்ளுவேன். அதற்கும் அசையமாட்டாள்.

ஏன் என்று எனக்குப் போன வருஷம்தான் தெரிந்தது. அக்காவுக்குக் கண்ணில் பூ விழுந்து, வவுனியா ஆஸ்பத்திரியில் வெட்டினார்கள். துணைக்கு நான்தான் நின்றேன். இந்தக் கண் வருத்தம் உங்கள் குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்று நான் சொல்லத் தொடங்க, அக்கா சிரித்துவிட்டாள். அன்று பின்னேரம், ஒரு கண்ணில் கட்டோடு கட்டிலில் சாய்ந்திருந்து, அறுபது வருஷமாகச் சொல்லாததை எனக்குச் சொன்னாள்.

ஐயாவுக்கு அந்த வருஷம் கண் மங்கிவிட்டது. ஐந்தாறு அடி தள்ளி நிற்பது ஆணா பெண்ணா என்று தெரியாத மங்கல். கரையில் யாருக்கும் அது விளங்கவில்லை. கிழக்குப் பார்த்த கடல். காலைச் சூரியன் நேரே முகத்தில் அடிக்கும். எல்லோருமே நெற்றியில் கையை வைத்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் நிற்பார்கள். வீட்டில் அக்கா மட்டும் கண்டுபிடித்தாள். கோப்பையை விட்டு வெளியே ஐயா தேத்தண்ணி ஊற்றியதைப் பார்த்து, அம்மாவுக்குத் தெரியாமல் துடைத்திருக்கிறாள். நானும் அந்தக் கோப்பையைப் பார்த்தேன்தான். ஐயாவுக்கு வரவர அவசரம் கூடிப்போச்சு என்று நினைத்தேன்.

கண் இல்லாத மண்டாடியை எந்தச் சம்மாட்டி வைத்திருப்பார்? ஐயாவுக்கு வேறு தொழில் தெரியாது. தோணியில் போகிற வயதும் கடந்துவிட்டது. அதனால் ஐயாவும் அக்காவும் தங்களுக்குள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். அவள் ஊஞ்சலில் உயர எழும்பிக் கடலைப் பார்க்க வேண்டும். மீன் கூட்டம் நிற்கிற இடத்தில் தண்ணீர், முகில் நிழல் விழுந்ததுபோலக் கறுத்திருக்கும். உயரத்தில் நின்றால் அது கரையில் நிற்பவர்களுக்கு முன்பே தெரியும். வடக்கே கண்டால் மாதா பாட்டு, தெற்கே கண்டால் அந்தோனியார் பாட்டு. ஒன்றும் இல்லையென்றால் சத்தமில்லை. காலையில் காற்றுத் தரையிலிருந்து கடலுக்கு வீசும். பாட்டு அப்படியே இறங்கி ஐயாவின் காதுக்குப் போகும். அவர் சற்று நேரம் கடலைப் பார்ப்பதுபோல நின்றுவிட்டுத் துண்டை உயர்த்துவார்.

அந்த வருஷம் வலை நிறைய மீன். வலையின் மடி கரைக்கு வரும்போது கீரிமீனும் சூடைமீனும் துள்ளி வெயிலில் கண் கூசும். முள்ளியவளையிலிருந்து சைக்கிளில் கத்தரிக்காய் கொண்டுவருகிறவர்கள் மீனோடு திரும்பிப் போவார்கள். மண்டாடியாருக்குக் கழுகுக் கண் என்று கரையெல்லாம் கதை. ஐயா பேசாமல் சிரிப்பார். வீட்டுக்கு வரும்போது கறிக்குப் போதுமான மீனைப் பனையோலைக் குடலையில் கொண்டுவந்து அக்காவின் கையில்தான் கொடுப்பார். அம்மாவிடம் கொடுக்கமாட்டார். அதற்கு அம்மா கொஞ்சம் முறைப்பா.

வினை மாமியின் வடிவில் வந்தது. காலையில், வேலை நேரத்தில், ஒரு குமர்ப்பிள்ளை ஊஞ்சலில் நின்று தொண்டை கிழியப் பாடுவது யாருக்காக? வடலிக்கு அந்தப் பக்கம் இருப்பது வாடி. வாடியில் மன்னாரிலிருந்து வந்த ஒரு பெடியன் கயிறு இழுக்கிறான், சுருட்டை முடி, வடிவானவன். கணக்கு மாமிக்குச் சரியாக வந்தது. குறை சொல்லமாட்டேன், யார் போட்டாலும் அந்தக் கணக்கு அப்படித்தான் வந்திருக்கும். கோயில் வாசலில் இரண்டு ஞாயிறு அந்தக் கதை ஓடியது. மூன்றாம் ஞாயிறு பூசை முடிந்து, மாமி எங்கள் புளியடிக்கு வந்தா. பெடியன் தன்னுடைய ஆள் என்பதால் சம்மாட்டியாரும் கூடவே வந்து படலையடியில் நின்றார்.

எல்லோரும் நின்றபடியே கதைத்தார்கள். கதிரை கொண்டுவா என்று அம்மா சொல்லவில்லை, அதுவே எனக்குப் பயமாக இருந்தது. நான் பலகையில் இருந்தேன். என்னை யாரும் எழும்பச் சொல்லவில்லை. மாமி சுற்றி வளைக்கவில்லை.

"காலமை வெள்ளன ஊஞ்சலில நிண்டு ஆரைப் பாத்துப் பாடுறனி? உன்ர வாயால சொல்லு."

அக்கா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மா அழத் தொடங்கினா. ஐயா மரத்தில் கையை ஊன்றியிருந்தார். அவர் முகம் சம்மாட்டியார் நின்ற பக்கம் திரும்பியது. அவர் எங்கே நிற்கிறார் என்று சத்தத்தை வைத்துத்தான் தெரிந்திருக்க வேண்டும். ஐயா தொண்டையைச் செருமினார்.

"அவள் பாத்தது…" என்று தொடங்கினார்.

"ஓம் மாமி," என்றாள் அக்கா. "வாடியைத்தான் பாத்தனான்."

அதற்குப் பிறகு பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. யாரும் அடிக்கவில்லை, கத்தவில்லை. ஊஞ்சலை அவிழ்த்துவிடச் சொல்லிவிட்டு மாமி போய்விட்டா. சம்மாட்டியார் ஐயாவின் தோளைத் தட்டி, பெடியனைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். பார்த்துக்கொண்டார்தான், அன்று பின்னேர பஸ்ஸில் அவனை மன்னாருக்கு அனுப்பிவிட்டார். அவன் தன் உடுப்புப் பையோடு எங்கள் படலையைக் கடந்து போனதை நான் பார்த்தேன். எந்த வீடு என்றுகூடத் தெரியாமல், திரும்பிப் பார்க்காமல் போனான்.

பலகையின் முடிச்சை அவிழ்க்க ஐயா குனிந்தார். அவருடைய கை முடிச்சைத் தேடிப் பலகையின் கீழே அலைந்தது. அக்கா முழங்காலில் இருந்து, அவருடைய கையைப் பிடித்து முடிச்சின் மேல் வைத்தாள். வைத்த கையை அவள் எடுக்கவில்லை. ஐயாவும் அவிழ்க்கவில்லை. எனக்குப் பசி. ஏன் இவ்வளவு நேரம் செய்கிறார்கள் என்று பொறுமையில்லாமல் நின்றேன்.

"இறுக்கமாத்தான் கிடக்கு, பிள்ளை," என்றார் ஐயா.

கொப்பில் ஏறிக் கயிற்றைக் கழற்றிப் போட்டது நான். அங்கேயிருந்து கடல் முழுவதும் விரிந்து தெரிந்தது. அதில் எங்கே தண்ணீர் கறுத்திருந்தது என்று நான் கவனிக்கவில்லை. கயிறு கீழே விழும் சத்தத்தைத்தான் கவனித்தேன்.

ஒரு மாதத்துக்குள் அக்காவைப் பூநகரியில் கட்டிக்கொடுத்தார்கள். அப்போதெல்லாம் பூநகரிக்குப் போவதென்றால் பஸ் மாறி மாறி ஒரு முழு நாள் வேண்டும். மாப்பிள்ளை நல்ல மனுஷன். கொஞ்ச வயலும் கடலோரக் களப்பில் ஒரு வள்ளமும் வைத்திருந்தார். அடுத்த பாஸ்குவுக்கு அவர் ஆசையோடு ஒரு ஊஞ்சல் கட்டிக் கொடுத்தாராம். அக்கா ஏறவில்லை. அந்தக் களப்பில் முழங்கால் தண்ணீரில் மனிதர் நடந்துபோய் மீன் பிடிப்பார்கள், அதைப் பார்க்க ஊஞ்சல் எதற்கு என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் என்னைக் கேட்டாள்.

ஏன் அப்படிச் சொன்னாய், ஒரு சொல் மாற்றிச் சொல்லியிருக்கலாமே என்று நானும் கேட்டேன். அவள் கஞ்சி ஆறிவிட்டதா என்று பார்த்துக்கொண்டே மறுமொழி சொன்னாள்.

"ஐயாவுக்குக் கண் தெரியாது எண்டு விளங்கியிருந்தா சம்மாட்டியார் அந்த இடத்திலயே துண்டை வாங்கியிருப்பார். என்ர பேர் போனா எங்கையாவது ஒரு மாப்பிள்ளை கிடைப்பார். ஐயாவுக்கு வேற கடல் கிடைக்குமோ?"

அந்த மன்னார்ப் பெடியனின் முகம்கூடத் தனக்குத் தெரியாது என்றாள். ஒவ்வொரு தபசுகாலத்திலும் பாவசங்கீர்த்தனத்தில் அவனுடைய கதையைத்தான் சொல்கிறாளாம். எத்தனையோ பங்குத்தந்தைமார் மாறியும் அந்தப் பாவம் மாறவில்லை என்றாள்.

நீ போன பிறகு ஐயா எப்படிச் சமாளிப்பார் என்று நினைத்தாய் என்று கேட்டேன். கட்டில்லாத கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. அழுதால் கண்ணுக்குக் கூடாது என்று தாதி வந்து என்னைத்தான் ஏசிவிட்டுப் போனா.

அவள் போன பிறகு நடந்ததை அவள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். இப்போது நான் எழுத வந்ததும் அதைத்தான்.

வலை வெறுமையாக வரத் தொடங்கியது. மடியில் சாதாளைப் பாசியும் சொறிமீனும்தான். ஒருநாள் பள்ளிக்கூடம் இல்லை, ஐயாவுக்குச் சாப்பாடு கொண்டு கரைக்குப் போனேன். எல்லோரும் கடலைப் பார்த்து நிற்க, ஐயா மட்டும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேட்டைப் பார்த்து நின்றார். மண்டாடியாருக்குக் கடல் எந்தப் பக்கம் என்று மறந்துபோச்சு என்று கயிறு இழுக்கிறவர்கள் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. சாப்பாட்டை மணலில் வைத்துவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

அந்தக் கிழமையில் ஒரு காலை, அக்கா இல்லாத வீடு தாங்காமல், நான் புளியமரத்தில் ஏறிக் கிழக்குக் கொப்பில் போய் இருந்தேன். கயிறு உராய்ந்த தடம் பட்டையில் அப்படியே கிடந்தது. அதைத் தடவிக்கொண்டு, அவள் பாடியதுபோலவே மாதா பாட்டை முழுக்கப் பாடினேன். வடலிக்கு மேலால் கரை தெரிந்தது. ஐயா சட்டென்று கடல் பக்கம் திரும்பினார். துண்டு தோளிலிருந்து பாதிவரை எழும்பியது. பிறகு அப்படியே நின்றது. பிறகு இறங்கியது.

அன்று பின்னேரம் சாப்பிட்டுக் கை கழுவும்போது என்னைக் கூப்பிட்டு, அருகில் இருத்தி, மெதுவாகக் கேட்டார்.

"மரத்தில நிண்டு கடலில என்ன கண்டனி, பிள்ளை?"

"ஒண்டும் இல்லை, ஐயா. அக்காவை நினைச்சுப் பாடினனான்."

என் தலையில் ஈரக் கையை வைத்தார். பாடு பிள்ளை, பாடு என்றார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அந்த வருஷம் மாரி தொடங்கு முன்னர் சம்மாட்டியார் வேறு ஒருவருக்குத் துண்டைக் கொடுத்துவிட்டார். ஐயா இன்னும் ஒன்பது வருஷம் இருந்தார், மரத்தடியில், சத்தங்களைக் கேட்டுக்கொண்டு. புளியமரம் சுனாமிக்கும் தப்பி நின்றது. கடைசிச் சண்டையில் போய்விட்டது. இப்போது அந்த இடத்தில் அரசாங்கம் தந்த எங்கள் வீட்டுத்திட்ட வீடு இருக்கிறது. இதை அங்கிருந்துதான் எழுதுகிறேன். கரையில் உழவு இயந்திரம் வலை இழுக்கிற சத்தம் கேட்கிறது.

வாத்தியார் நண்பரே, உங்கள் அகராதியில் நீங்கள் கண்ட பொருள் சரியாகவே இருக்கட்டும். போனது திரும்பி வருமென்றால், நான் அந்தக் கொப்புக்குத்தான் திரும்பிப் போவேன். ஐயா என்னிடம் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். எட்டு வயதுப் பிள்ளையின் வாயில் என்ன நிற்கும் என்று அவர்கள் இரண்டு பேரும் நினைத்துவிட்டார்கள். எனக்கு மரமேறத் தடை இல்லை. நல்ல கண் இருந்தது. இரண்டு பாட்டும் பாடமாகத் தெரிந்திருந்தது.